வீட்டு சிஎன்சியில் ரோட்டரி அச்சு: அரைச்சுற்றுத் திருப்பி அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

20 மிமீ அலுமினியத் தண்டு ஒன்று. அதன் குறுக்கே 3 மிமீ துளை போட வேண்டும். பாதி ஆழத்தை மேலிருந்து போட்டேன், ரோட்டரியை (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரமான சிஎன்சியில் தண்டைப் பிடித்துச் சுழற்றும் நான்காவது அச்சு) 180 டிகிரி திருப்பினேன், மீதியை மறுபக்கத்திலிருந்து போட்டேன். இரண்டு துளைகளும் நடுவில் சந்தித்திருக்க வேண்டும். ஊசியை உள்ளே விட்டால் பாதி வழியில் ஒரு படியில் தட்டி நின்றது. தண்டை அறுத்து அளந்து பார்த்தபோது 0.3 மிமீ விலகல்.

ரோட்டரியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். கழற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன், வேறு சக் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வாங்கினேன். இரண்டு மாதம் போனது. கடைசியில் பார்த்தால் ரோட்டரியில் ஒரு குறையும் இல்லை. அச்சின் மையம் ஒய் திசையில் எங்கே இருக்கிறது என்று நான் எடுத்திருந்த அளவு 0.15 மிமீ தவறாக இருந்தது. 180 டிகிரி திருப்பியதும் அந்தப் பிழை இரட்டிப்பாகி 0.3 ஆகிவிட்டது.

மூன்று அச்சு இயந்திரத்தை ஓரளவு ஓட்டத் தெரிந்து, இப்போது நான்காவது அச்சைச் சேர்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரத்தில் அலங்காரத் தூண் செதுக்க இவ்வளவு கவலை தேவையில்லை. பல்சக்கரம், பட்டை (தட்டை முகம்) வெட்டிய தண்டு, எதிரெதிர்த் துளைகள், ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய பாகங்கள் என்று இறங்குகிறவர்களுக்குத் தேவை.

1. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

ரோட்டரியின் பிழை டிகிரியில் இருக்கும், உங்கள் பாகத்தின் பிழை மில்லிமீட்டரில் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஆரம். 25 மிமீ ஆரத்தில் 0.1 டிகிரி பிழை என்றால் விளிம்பில் 0.044 மிமீ. 50 மிமீ ஆரத்தில் அதே 0.1 டிகிரி 0.087 மிமீ ஆகிவிடும். ஆரத்தை 0.01745 ஆல் பெருக்கினால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், எல்லா இடத்திலும் வரும்.

நீங்கள் செய்ய நினைக்கும் மிகப் பெரிய பாகத்தின் ஆரத்தையும், பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையையும் ஒரு தாளில் எழுதுங்கள். 40 மிமீ விட்டத்தில் 0.05 மிமீ போதும் என்றால் 0.14 டிகிரி வரை தாங்கும். சாதாரண பெல்ட் ரோட்டரியே அதற்குப் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குப் போனால் தேவைக்கு மேல் செலவு செய்வீர்கள், இல்லாவிட்டால் போதாததை வாங்கி வந்து வருந்துவீர்கள்.

2. எந்த வகை ரோட்டரி

வீட்டு இயந்திரங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை.

பெல்ட் வகையில் மோட்டாருக்கும் சக்குக்கும் இடையில் பல் பெல்ட் இருக்கும், விகிதம் 4:1 அல்லது 6:1. வேகமாகச் சுற்றும், பின்னாட்டம் (திசை மாறும்போது வரும் வெற்று அசைவு, பேக்லாஷ்) ஏறக்குறைய இல்லை. ஆனால் வளைந்துகொடுக்கும். பெல்ட் மட்டுமில்லை, ஸ்டெப்பர் மோட்டாரும் ஸ்பிரிங் மாதிரிதான் நடந்துகொள்ளும். மோட்டாரின் தாங்குவிசையில் பாதி அளவுக்கு வெளியிலிருந்து சுமை வந்தால் அதன் தண்டு சுமார் 0.6 டிகிரி விலகி நிற்கும். ஸ்டெப் ஏதும் தவறியிருக்காது, கன்ட்ரோலருக்கும் ஒன்றும் தெரியாது. 6:1 விகிதத்தில் சக்கில் அது 0.1 டிகிரி. மேலே போட்ட கணக்குப்படி 25 மிமீ ஆரத்தில் 0.044 மிமீ போயிற்று. எனவே பெல்ட் ரோட்டரியில் லேசான வெட்டுதான் போட வேண்டும். சுமை தாங்குவிசையில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் அதே இடத்தில் விலகல் 0.008 மிமீக்கு இறங்கிவிடுகிறது.

திருகு ஒன்று பல்சக்கரத்தைச் சுழற்றும் வார்ம் கியர் வகையில் 40:1, 72:1, 90:1 போன்ற விகிதங்கள். வெட்டும் விசை சக்கைத் திருப்ப முடியாது, கெட்டியாக நிற்கும். ஆனால் பற்களுக்கு இடையில் ஆட்டம் இருக்கும், வேகமும் குறைவு. மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினாலும் 90:1 விகிதத்தில் சக் நிமிடத்துக்கு ஏழு சுற்றைக்கூடத் தொடாது. நிறுத்தி, பூட்டி, வெட்டி, திருப்பி, மறுபடி வெட்டும் வேலைக்கு இதுதான் சரி.

வளையும் மெல்லிய பல்சக்கரம் கொண்ட ஹார்மோனிக் வகையில் 50:1 அல்லது 100:1. ஆட்டம் மிகக் குறைவு, அளவில் சிறியது, விலை அதிகம். பழைய தொழிற்சாலை ரோபோக்களிலிருந்து கழற்றியவையும் விற்பனைக்கு வரும். அவற்றை வாங்குவதானால் நேரில் போய்க் கையால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். எங்காவது கரகரவென்றோ விட்டுவிட்டோ சுற்றினால் வேண்டாம்.

பட்டை வெட்டுவது, துளையிடுவது, பல்சக்கரம் என்றால் பூட்டு வைத்த வார்ம் வகையை எடுங்கள். சுற்றிச் சுற்றிச் செதுக்குவதுதான் முக்கிய வேலை என்றால் பெல்ட். இரண்டும் பாதிப் பாதி என்றால் நான் பெல்ட்டையே சொல்வேன். ஆட்டம் இல்லாத அச்சில் கற்றுக்கொள்வது எளிது.

3. செலவு: ரோட்டரியின் விலை முழு விலை அல்ல

எனக்கு ரோட்டரிக்கு ஆன தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை மற்ற சாமான்களுக்கும் ஆனது. முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

- நான்காவது மோட்டாருக்கான டிரைவர் (மோட்டாரை ஓட்டும் மின்சுற்று). இருக்கும் பவர் சப்ளை நான்கு மோட்டாரையும் தாங்குமா என்றும் பாருங்கள்.
- டெயில்ஸ்டாக் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பிடி), சுழலும் சென்டர் (கூர்முனை) உள்ளதாக.
- 0.01 மிமீ பிரிவுள்ள லீவர் டயல் (நுண் அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி), காந்த ஸ்டாண்ட். நீண்ட ஓட்டமுள்ள சாதாரண டயல் ஒன்றும் இருந்தால் நல்லது.
- சோதனைத் தண்டு. லீனியர் பேரிங்கோடு வரும், கடினப்படுத்தி அரைத்த 20 மிமீ ஷாஃப்ட் 200 மிமீ நீளம் போதும். துல்லிய டெஸ்ட் பார் வாங்க வேண்டியதில்லை.
- ஈஆர் கோலெட் சக் (பிளவுள்ள வளையத்தால் சுற்றிலும் சீராகப் பிடிப்பது), அல்லது நான்கு தாடையும் தனித்தனியாக நகரும் சக்.

பணம் தட்டுப்பாடு என்றால் சக்கைத் தள்ளிப்போடலாம். டயலைத் தள்ளிப்போட முடியாது. டயல் இல்லாமல் இதில் ஒரு அடிகூட நகராது.

வாங்குமுன் உயரத்தையும் அளந்துவிடுங்கள். மேசையிலிருந்து கான்ட்ரியின் (டூலைத் தாங்கும் குறுக்குப் பாலத்தின்) அடிப்பகுதி வரை எவ்வளவு இடம்? ரோட்டரியின் மைய உயரம், ஜாப்பின் (வெட்டப்படும் பாகத்தின்) ஆரம், டூலின் நீளம், டூல் மேலே தூக்கப்படும் தூரம் நான்கையும் கூட்டுங்கள். சிறிய ரவுட்டர்களில் பலருக்கு இங்கேதான் இடிக்கிறது. மேசையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து ரோட்டரியைத் தாழ்த்திப் பொருத்துவதுதான் வழி. அதற்கு ஒரு நாள் தனியாகப் போகும்.

4. கன்ட்ரோலரும் மென்பொருளும் ஒத்துவருமா

இதையும் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். வழக்கமான ஜிஆர்பிஎல் 1.1 என்ற கன்ட்ரோலர் மென்பொருள் மூன்று அச்சுக்கு மட்டும்தான். நான்காவது வேண்டுமென்றால் ஜிஆர்பிஎல்-ஹெச்ஏஎல், ஃப்ளூயிட்என்சி, லினக்ஸ்சிஎன்சி, மாக் 3 மாதிரி ஏதாவது ஒன்றுக்கு மாற வேண்டும்.

மாற மனமில்லாதவர்கள் ஒய் மோட்டாரின் கேபிளைக் கழற்றி ரோட்டரிக்குக் கொடுப்பார்கள். தட்டையான படத்தை உருளையில் சுற்றுவது போல வேலை நடக்கும். பெயர் பொறிக்க, மேல்பரப்பில் கோலம் செதுக்க இது போதும். ஆனால் ஒய் நகராது. டூலை மையத்திலிருந்து தள்ளி வைத்து வெட்ட முடியாது, மையப் பிழையைத் திருத்தவும் முடியாது. துல்லிய வேலைக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். இதைச் செய்தே தீர வேண்டுமென்றால் ஒன்று மட்டும்: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கேபிளைக் கழற்றாதீர்கள், டிரைவர் எரிந்துவிடும்.

கேம் மென்பொருளின் (வரைபடத்தை வெட்டும் நிரலாக மாற்றுவது) உரிமத்தையும் படியுங்கள். இலவசப் பதிப்பில் நான்காவது அச்சு இல்லாமல் இருக்கலாம். ஃபியூஷன் என்ற மென்பொருளின் இலவசத் தனிநபர் உரிமத்திலிருந்து பல அச்சு வெட்டு 2020இல் எடுக்கப்பட்டுவிட்டது. நிறுத்தித் திருப்பி வெட்டும் வேலைக்கு இது பெரிய தடையில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சாதாரண மூன்று அச்சு நிரலை எடுத்து, நடுவில் ஏ அச்சைத் (ரோட்டரியைத்) திருப்பும் வரியைக் கையால் எழுதிக்கொள்ளலாம். நான் இன்றும் பாதி வேலைக்கு அப்படித்தான் செய்கிறேன்.

5. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

விற்பவரிடம் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: கியர் விகிதம், மோட்டாரின் கரன்ட் அளவு, மோட்டார் வயர்களின் நிற வரிசை, மைய உயரம். டிரைவரின் சுவிட்ச் அட்டவணையைப் போட்டோ எடுத்து வையுங்கள். அது டிரைவரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும், பெட்டிக்குள் பொருத்திய பிறகு கண்ணுக்குத் தெரியாது.

எழுதிக் கொடுத்த விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். எனக்கு வந்த தாளில் 4:1 என்று இருந்தது. மூடியைத் திறந்து புல்லியின் பற்களை எண்ணினேன்: பெரியதில் 60, சிறியதில் 10. அது 6:1. ஐந்து நிமிட வேலைதான், கட்டாயம் எண்ணிவிடுங்கள்.

ரோட்டரிக்கென்று ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் ஒரு எண் கிடைக்கும். தேதியோடு எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து ஏதாவது மாறும்போது எது மாறியது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

6. ஸ்டெப் கணக்கு

மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். அதை மைக்ரோஸ்டெப்பாலும் (டிரைவர் ஒரு ஸ்டெப்பை எத்தனை துண்டாக்குகிறது என்ற எண்) விகிதத்தாலும் பெருக்கி 360 ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை ஸ்டெப் என்று வரும். 90:1, மைக்ரோஸ்டெப் 8 என்றால் சரியாக 400. 6:1, மைக்ரோஸ்டெப் 8 என்றால் 26.6666... என்று முடியாமல் போகும்.

இந்த முடியாத எண்தான் கண்ணி. 26.667 என்று போட்டால் சுற்றுக்கு 0.12 ஸ்டெப் கூடுதலாகப் போகும், அதாவது 0.0045 டிகிரி. ஒரு சுற்றில் ஒன்றும் தெரியாது. ஒரே திசையில் நூறு சுற்றுச் செதுக்கினால் 0.45 டிகிரி தள்ளிப்போயிருக்கும். கன்ட்ரோலர் ஏற்கும் வரை தசம இடங்களைக் கொடுங்கள். மைக்ரோஸ்டெப்பும் விகிதமும் பெருகி வரும் எண் 9 ஆல் வகுபட்டால் கணக்கு மிச்சமில்லாமல் முடியும். 72, 90 விகிதங்கள் இதனால்தான் வசதி.

மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைத்து 32, 64 என்று ஏற்றாதீர்கள். ஓட்டம் மிருதுவாகும், அவ்வளவுதான். சுமை இருக்கும்போது அந்தச் சின்னச் சின்ன ஸ்டெப்புகளை மோட்டாரால் நிலையாகப் பிடித்து நிற்க முடியாது. 8 அல்லது 16 போதும்.

ஜிஆர்பிஎல் வகையில் இன்னொரு அமைப்பு உண்டு. $1 என்ற மதிப்பு இயல்பாக 25 என்று இருக்கும். அசைவு நின்று 25 மில்லிசெகண்டில் மோட்டாரின் பிடி தளர்ந்துவிடும். பெல்ட் ரோட்டரி அந்த இடைவெளியில் தானாக நகர்ந்துவிடும். அதை 255 ஆக்குங்கள், பிடி எப்போதும் இருக்கும். மோட்டார் சூடாகத்தான் செய்யும், அது இயல்பு.

7. எக்ஸ் அச்சுக்கு இணையாகப் பொருத்துதல்

இங்கிருந்துதான் அரைச்சுற்று வருகிறது. முதலில் ஸ்பின்டிலின் (டூலைச் சுழற்றும் மோட்டாரின்) பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். டயலை மாட்டிக்கொண்டு தவறுதலாக ஸ்பின்டில் ஓடினால் டயலும் போகும், கையும் போகும்.

சோதனைத் தண்டைச் சக்கில் பிடித்து, 150 மிமீ வெளியே நீட்டிவிடுங்கள். லீவர் டயலை ஸ்பின்டிலில் மாட்டி, சக்குக்கு அருகில் தண்டின் உச்சியைத் தொடவையுங்கள். ஒய் திசையில் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, முள் மிக உயரமாக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ அச்சை 180 டிகிரி திருப்பி மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரியை எடுங்கள்.

ஏன் சராசரி? மூன்று தாடைச் சக் எதுவும் தண்டை நேர் மையத்தில் பிடிக்காது. 0.05 மிமீ, அதற்கு மேலும்கூட தள்ளிப் பிடிக்கும், சற்றுச் சாய்த்தும் பிடிக்கும். ஒரு முறை மட்டும் அளந்தால் நீங்கள் அளப்பது தண்டு நிற்கும் விதத்தை, அச்சை அல்ல. அரைச்சுற்றுத் திருப்பினால் அந்தத் தள்ளல் எதிர்ப்பக்கம் போய்விடும். கூட்டிப் பாதியாக்கினால் தள்ளல் அடிபட்டு அச்சு மட்டும் மிஞ்சும்.

இப்போது எக்ஸில் 100 மிமீ நகர்ந்து இதையே செய்யுங்கள். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் உயரத்தில் உள்ள சாய்வு. ரோட்டரியின் அடியில் ஃபீலர் கேஜ் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். அடுத்து டயலைத் தண்டின் பக்கவாட்டில் தொடவைத்து அதே போல அளந்து, ரோட்டரியின் போல்ட்டைத் தளர்த்தி மெல்லத் தட்டி நேராக்குங்கள். 100 மிமீக்கு 0.02 மிமீ வந்தால் நிறுத்திவிடலாம். போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

முதல் முறை எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. சரியானதும் ரோட்டரியின் ஓரமாக மேசையில் இரண்டு டவல் பின் (இடம் காட்டும் உருளை ஆணி) அடித்து வைத்தேன். அடுத்த முறை பின்னோடு ஒட்டி வைத்து, டயலால் சரிபார்த்து முடிக்க இருபது நிமிடம்தான்.

8. அச்சின் மையத்தைக் கண்டுபிடித்தல்

எல்லாப் படியிலும் அவசரப்பட்டாலும் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

ஒய் மையத்துக்கு: எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டு இடம் காட்டும் கருவி) தண்டை முன்பக்கம் தொட்டு ஒய் அளவைக் குறியுங்கள், பின்பக்கம் தொட்டுக் குறியுங்கள், நடு எண்ணை எடுங்கள். ஏ அச்சை 180 திருப்பி மறுபடி நடு எண். எனக்கு ஒரு முறை 84.31, 84.25 என்று வந்தது. அச்சின் மையம் 84.28. தண்டு 0.03 தள்ளி நிற்கிறது, அது சக்கின் குறை. முதல் எண்ணை மட்டும் நம்பிப் பூஜ்ஜியம் வைத்தால் அந்தக் குறையை நீங்கள் பாகத்தில் வெட்டிவைப்பீர்கள்.

இசட் மையத்துக்கு: தண்டின் உச்சியை இரண்டு நிலையிலும் தொட்டுச் சராசரி எடுத்து, ஆரத்தைக் கழித்துத் தோராயமாகப் பூஜ்ஜியம் வையுங்கள். இனி வெட்டித்தான் சரிபார்க்க வேண்டும். 20 மிமீயைவிடத் தடித்த, வேண்டாத அலுமினியத் தண்டு ஒன்றை மாட்டி, எண்ட் மில்லால் (தட்டை நுனி கட்டரால்) இசட் 10.00 இல் ஒரு பட்டை வெட்டுங்கள். 180 திருப்பி அதே இசட்டில் இன்னொரு பட்டை. இரண்டு பட்டைக்கும் இடையில் மைக்ரோமீட்டரால் அளந்தால் 20.00 வர வேண்டும். எனக்கு 20.12 வந்தது. டூல் உண்மையில் அச்சிலிருந்து 10.06 உயரத்தில் ஓடியிருக்கிறது, அதாவது உண்மையான அச்சு நான் நினைத்ததைவிட 0.06 கீழே. இசட் பூஜ்ஜியத்தை 0.06 இறக்கி, புதிய பட்டை வெட்டி மறுபடி அளந்தேன்: 20.01. போதும்.

ஒய்யையும் இப்படி வெட்டிச் சரிபார்க்கலாம். அதே தண்டில் கட்டரின் பக்கத்தால் முன்னே ஒரு முகம், பின்னே ஒரு முகம், ஒய் பூஜ்ஜியத்திலிருந்து சம தூரத்தில் வெட்டுங்கள். பின்முகத்தில் டயலைத் தொட்டு முள்ளைப் பூஜ்ஜியமாக்குங்கள். டயலை மேலே தூக்கி, 180 திருப்பி, அதே ஒய் இடத்துக்கு இறக்குங்கள். முள் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் ஒய் பிழை. கட்டரின் விட்டம் சற்று முன்பின் இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வெட்டியிருப்பதால் இந்த அளவு கெடாது. ஒய் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து வந்து சேருங்கள்.

டூல் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டுமா? வேண்டாம். ரோட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய இரும்புக் கட்டையை போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்துங்கள். அதன் மேல்முகத்துக்கும் அச்சுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ஒரே ஒரு முறை கண்டுபிடித்து நோட்டில் எழுதிவிடுங்கள். புது டூல் போட்டால் கட்டையைத் தொட்டு, அந்த எண்ணைக் கொடுத்தால் ஆயிற்று. உருண்டையான ஜாப்பின் உச்சியைத் தேடித் தொடும் வேலையே இனி கிடையாது.

9. ஆட்டத்தை அளந்து, அதோடு வாழப் பழகுதல்

சக்கில் ஒரு தட்டையான பட்டையைப் பிடித்து, மையத்திலிருந்து 100 மிமீ தூரத்தில் டயலை வையுங்கள். ஏ அச்சை மைனஸ் 1 டிகிரியிலிருந்து 0 க்குக் கொண்டுவந்து அளவெடுங்கள். பிறகு பிளஸ் 1 க்குப் போய் 0 க்குத் திரும்பி அளவெடுங்கள். வித்தியாசம் 0.05 மிமீ என்றால் ஆட்டம் சுமார் 0.03 டிகிரி.

வார்ம் ரோட்டரிகளில் வார்மைச் சக்கரத்தோடு நெருக்க ஒரு திருகோ எக்சென்ட்ரிக் புஷ்ஷோ இருக்கும். முழுச் சுற்றையும் சுற்றிப் பார்த்து, எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே வைத்துச் சரிசெய்யுங்கள். தளர்ந்த இடத்தில் இறுக்கினால் இறுகிய இடத்தில் மோட்டார் திணறி ஸ்டெப்பை விட்டுவிடும்.

மிச்ச ஆட்டத்துக்கு, எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில்லுங்கள். 90 டிகிரிக்கு மேலிருந்து இறங்க வேண்டியிருந்தால் 88 வரை போய்த் திரும்பி 90 க்கு வாருங்கள். நின்றதும் பூட்டை இறுக்குங்கள். இந்த இரண்டும் போதும், பாகத்தில் ஆட்டம் தெரியாது. மென்பொருளில் பேக்லாஷ் ஈடு கொடுக்கும் வசதியை ரோட்டரிக்கு நான் பயன்படுத்துவதில்லை. வெட்டும் விசை சக்கை ஆட்டத்துக்குள் இங்குமங்கும் தள்ளும்போது அந்த ஈடு எதையும் தடுக்காது.

பூட்டைத் தளர்த்தாமல் அடுத்த கோணத்துக்கு ஓட்டுவது எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு. நிரலில் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் பின்னும் எம்0 போட்டு நிறுத்திவையுங்கள்.

10. ஜாப்பைப் பிடித்தல்

வெளியே நீளும் பகுதி விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் டெயில்ஸ்டாக் வையுங்கள். நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். டெயில்ஸ்டாக்கை வைக்குமுன் தண்டின் முனையில் டயலை வைத்து, சென்டர் உள்ளே அழுத்தும்போது முள் அசைகிறதா பாருங்கள். அசைந்தால் சென்டர் தண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று அர்த்தம், டெயில்ஸ்டாக்கின் இடத்தைத் திருத்துங்கள்.

விரலால் இறுக்கும் அளவு போதும். மெல்லிய தண்டை அதிகம் அழுத்தினால் வில் போல வளையும். வெப்பமும் அதே வேலையைச் செய்யும். 200 மிமீ அலுமினியத் தண்டு 10 டிகிரி சூடானால் சுமார் 0.046 மிமீ நீளும். இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் நடுவில் வளைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. கடைசி வெட்டுக்கு முன் ஆறவிட்டு, சென்டரைத் தளர்த்தி மறுபடி லேசாக இறுக்குங்கள்.

பாகத்தைக் கழற்றாமலே எல்லாவற்றையும் வெட்டி முடிக்க முடிந்தால் மூன்று தாடைச் சக்கின் குறை உங்களைத் தொடாது. கழற்றித் திருப்பி மாட்ட வேண்டிய வேலை என்றால்தான் கோலெட்டோ நான்கு தாடையோ வேண்டும்.

11. வேகம்: எஃப் என்ற எண் இங்கே வேறு பொருள் தரும்

ஏ அச்சு மட்டும் தனியாக நகரும்போது எஃப் 600 என்றால் பல கன்ட்ரோலர்களில் நிமிடத்துக்கு 600 டிகிரி. 50 மிமீ விட்டத்தில் டூல் நிமிடத்துக்கு 262 மிமீ வெட்டும். அதே நிரலில் விட்டம் 10 மிமீயாகக் குறையும் இடத்தில் வெறும் 52. டூல் வெட்டாமல் உரசும், மரம் கருகும், அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு ஜி93 முறை இருக்கிறது. அதில் எஃப் என்பது அந்த வரியின் அசைவு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முடியும் என்ற எண். 2 மிமீ அசைவை நிமிடத்துக்கு 600 மிமீ வேகத்தில் முடிக்க எஃப் 300. ஒவ்வொரு வரியிலும் எஃப் இருந்தே ஆக வேண்டும். இதைக் கையால் எழுத முடியாது, போஸ்ட் பிராசஸரில் (நிரலை உங்கள் கன்ட்ரோலருக்கேற்ப எழுதித் தரும் பகுதி) அந்தத் தெரிவைத் தேடி இயக்குங்கள். வேலை முடிந்ததும் வழக்கமான வேக முறையான ஜி94 க்குத் திரும்பும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த நிரல் தாறுமாறான வேகத்தில் ஓடும்.

பால் நோஸ் (உருண்டை நுனி) கட்டரின் நுனிப்புள்ளியில் வெட்டும் வேகம் பூஜ்ஜியம். உருளையின் உச்சியில் நுனியால் வெட்டினால் பரப்பு கிழிந்ததுபோல் வரும். வெறும் உருளையாக்கும் வேலைக்குத் தட்டையான எண்ட் மில்லை எடுத்து, ஒய்யில் அதன் ஆரத்தில் பாதியளவு தள்ளி ஓட்டுங்கள். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும்.

சுற்றிச் செதுக்கிய நிரலின் கடைசியில் ஏ பூஜ்ஜியத்துக்குப் போகும் வரி இருந்தால் நூறு சுற்றையும் அப்படியே பின்னோக்கிச் சுற்றும். டூல் மேலே போயிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அந்த வரியை விடாதீர்கள்.

12. முதல் வேலை அறுகோணம், இரண்டாவது பல்சக்கரம்

ஒரு தண்டில் 60 டிகிரிக்கு ஒன்றாக ஆறு முகம் வெட்டுங்கள். எதிரெதிர் முகங்களின் மூன்று அளவும் 0.02 மிமீக்குள் ஒத்திருந்தால் நல்லது. மூன்றும் ஒன்றுபோலக் கூடியோ குறைந்தோ இருந்தால் இசட் மையத்தைப் பாருங்கள், டூலின் நீளமாகவும் இருக்கலாம். ஒரே முகத்தின் இரண்டு ஓரத்தில் வேறு வேறு அளவு வந்தால் கோணப் பிழை, அதாவது ஆட்டம் அல்லது பூட்டு. சக் பக்கம் ஒன்று, முனைப் பக்கம் ஒன்று என்று வந்தால் 7ஆம் படிக்குத் திரும்புங்கள். முழு அறுகோணமும் வெட்டி அளக்க ஒரு மணி நேரம் ஆகும். ரோட்டரியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

பல்சக்கரத்துக்கு வரும்போது கோணங்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 127 பல் என்றால் ஒரு பல்லுக்கு 2.834645... டிகிரி. அதை 2.835 என்று சுருக்கி ஜி91 இல் (நிற்கும் இடத்திலிருந்து நகரும் முறை) 127 முறை தள்ளினால் முடிவில் 360.045 ஆகும். மாடியூல் (பல்லின் அளவு) 1 சக்கரத்தில் ஆரம் 63.5 மிமீ, கடைசிப் பல்லுக்கும் முதல் பல்லுக்கும் இடையில் 0.05 மிமீ குறைந்துவிடும். ஜி90 இல் ஒவ்வொரு பல்லின் கோணத்தையும் பூஜ்ஜியத்திலிருந்து தனியாகக் கணக்கிட்டு எழுதுங்கள். விரிதாளில் ஒரு நிமிட வேலை.

முதல் சக்கரத்தைப் பித்தளையில் வெட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக்கில் வெட்டுங்கள். கடைசிப் பல் முடிந்ததும் முதல் பல்லுக்குத் திரும்பி, டூல் அதே பள்ளத்தில் எதையும் சீவாமல் இறங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய சீவல் சுருண்டு வந்தால் எங்கோ ஸ்டெப் தவறியிருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் பித்தளையை மாட்டலாம்.